பிராண்டட் கம்ப்யூட்டர் வாங்குவதா, அசெம்பிள் செய்வதா: ஒரு டீச்சரின் கேள்விக்கு விரிவான பதில்

டீச்சர், உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். பையன் பிளஸ் டூ முடித்துவிட்டான், கம்ப்யூட்டர் சயின்ஸ் சேரப் போகிறான், பட்டுக்கோட்டையில் வீட்டிலிருந்தே கல்லூரிக்குப் போய்வருவான். மானிட்டர், கீபோர்டு, மவுஸ் ஏற்கெனவே இருக்கின்றன. கம்ப்யூட்டர் பெட்டிக்கு மட்டும் எழுபதாயிரம் ரூபாய் வரை ஒதுக்கியிருக்கிறீர்கள். கோடிங் பழகுவான், பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் அனிமேஷன் செய்து பார்ப்பான், கேமும் ஆடுவான். "பார்ட்ஸ் வாங்கிக் குடும்மா, நானே மாட்டிக்கிறேன்" என்கிறான் அவன். "அசெம்பிள் பக்கமே போகாதீங்க, பிராண்டட்தான் உழைக்கும்" என்கிறார் உங்கள் பள்ளியில் வேலை பார்க்கும் சார். எது மலிவு, எது நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசியில், "ரிப்பேர் ஆனால் யாரிடம் போய் நிற்பது" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அதுதான் நிஜமான கேள்வியாகத் தெரிகிறது. பதிலையும் அங்கிருந்தே சொல்கிறேன்.

நான் திருச்சியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறவன். அதற்கு முன் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடையில் பல வருடம் அசெம்பிள் செய்துகொண்டிருந்தேன். இப்போது என்னிடம் வருபவை பெரும்பாலும் அலுவலகம், பள்ளி, கிளினிக் மெஷின்கள். எந்த கேமுக்கு எந்தக் கார்டு எத்தனை ஃபிரேம் தரும் என்பதில் உங்கள் பையனுக்கே என்னைவிட அதிகம் தெரிந்திருக்கும். அந்தப் பக்கம் நான் அதிகம் போகவில்லை.

யூடியூபிலும் சரி, உங்கள் சார் பேச்சிலும் சரி, இரண்டே வழிதான் இருப்பதுபோல் பேசுகிறார்கள். நம் ஊரில் மூன்று வழி உண்டு. டெல், ஹெச்பி, லெனோவோ, ஏசர் மாதிரி கம்பெனிகள் முழுப் பெட்டியாகத் தயாரித்து விற்பது ஒன்று. பார்ட்ஸைத் தனித்தனியாக வாங்கி வீட்டில் நாமே மாட்டிக்கொள்வது இன்னொன்று. மூன்றாவது, கடைக்காரரிடம் பட்ஜெட்டைச் சொன்னால் அவரே பார்ட்ஸ் தேர்ந்தெடுத்து, மாட்டி, விண்டோஸும் போட்டுக் கொடுப்பது. தமிழ்நாட்டில் "அசெம்பிள் சிஸ்டம்" என்று சொன்னால் இந்த மூன்றாவதுதான். வெளிநாட்டு வீடியோக்கள் புகழ்வது இரண்டாவதை. உங்கள் சார் சூடுபட்டிருப்பது அநேகமாக மூன்றாவதில். அதனால் அவர் சொல்வதும் பொய்யில்லை, பையன் சொல்வதும் பொய்யில்லை. இருவரும் வேறு வேறு பொருளைப் பற்றிப் பேசுகிறார்கள்.

பிராண்டடில் சந்தேகமில்லாமல் கிடைப்பது ஒன்று உண்டு. மொத்தப் பெட்டிக்கும் ஒரே சீரியல் நம்பர், ஒரே பில், கூப்பிட ஒரே போன் நம்பர். ராம் (நினைவகம்) போனதா, மதர்போர்டு (எல்லாப் பார்ட்ஸும் உட்காரும் பலகை) போனதா, எஸ்எம்பிஎஸ் (உள்ளே மின்சாரம் கொடுக்கும் பெட்டி) போனதா என்று நீங்கள் மண்டையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம். ஆன் ஆகவில்லை என்று சொன்னால் போதும், கண்டுபிடிப்பது அவர்கள் வேலை. வீட்டு உபயோக மாடல்களுக்குப் பெரும்பாலும் ஒரு வருட வாரண்டிதான் வரும். அலுவலகங்களுக்கென்று விற்கும் வரிசைகளில், அதாவது டெல் ஆப்டிபிளெக்ஸ் (2025 முதல் டெல் ப்ரோ), லெனோவோ திங்க்சென்டர் போன்றவற்றில், மூன்று வருடம் வீட்டுக்கே வந்து பார்க்கும் ஆன்சைட் வாரண்டி சகஜம். உங்கள் சார் "பிராண்டட் உழைக்கும்" என்று சொல்வது பள்ளி ஆபீஸில் இருக்கும் இப்படிப்பட்ட மெஷினைப் பார்த்துதான் இருக்கும். கடையில் மேல்மாடியில் அடுக்கி வைத்திருக்கும் வீட்டு மாடலுக்கு அதே வாரண்டி இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். இன்னொன்று, "அடுத்த வேலைநாளில் வருவோம்" என்பது நீங்கள் புகார் சொன்ன நாளிலிருந்து எண்ணப்படுவதில்லை. போனில் அவர்கள் சொல்வதையெல்லாம் செய்து பார்த்து, பார்ட் மாற்ற வேண்டும் என்று அவர்கள் முடிவு செய்த பிறகுதான் கணக்கு தொடங்கும். பட்டுக்கோட்டை பின்கோடுக்கு ஆன்சைட் உண்டா என்பதை வாங்கும் முன்பே கம்பெனி நம்பரில் கேட்டுவிடுங்கள். கடைக்காரர் "உண்டு" என்பது போதாது.

விண்டோஸும் பிராண்டடில் முறையாக வரும். அந்த லைசென்ஸ் அந்த மதர்போர்டோடு பிணைந்தது. வீட்டு மாடல்கள் பலவற்றில் மைக்ரோசாஃப்ட் ஆபீஸும் சேர்ந்தே வருகிறது. தனியாகக் கடையில் முறைப்படி விண்டோஸ் ஹோம் வாங்கினாலே பத்தாயிரம் ரூபாயை ஒட்டி வந்துவிடும். விலை ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுகிற தொகை இது.

சரி, இவ்வளவு நல்லது என்றால் அதையே வாங்கிவிடலாமே? உங்கள் பையனின் பிளெண்டர்தான் இங்கே இடிக்கிறது. அதற்குத் தனி கிராபிக்ஸ் கார்டு வேண்டும். அலுவலக டவர்களில், அதாவது நிற்கும் பெட்டிகளில், பெரும்பாலும் கார்டு இருக்காது. "பிறகு ஒரு கார்டு போட்டுக்கலாம்" என்று கடையில் சொல்வார்கள். அது அவ்வளவு சுலபமில்லை. இந்த மெஷின்களில் வரும் எஸ்எம்பிஎஸ் பெரும்பாலும் 180 வாட்டிலிருந்து 300 வாட்டுக்குள் இருக்கும், கிராபிக்ஸ் கார்டுக்கான தனி பவர் கேபிளும் பலவற்றில் இருக்காது. மதர்போர்டு ஸ்லாட் வழியாகக் கார்டுக்குக் கிடைப்பது அதிகபட்சம் 75 வாட். பிளெண்டருக்கு உருப்படியாக உதவுகிற கார்டுகள் நூறு வாட்டைத் தாண்டியே தொடங்குகின்றன. அப்படியானால் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றிவிடலாமா என்றால், கடையில் விற்கும் எஸ்எம்பிஎஸ்ஸில் 24 பின் கனெக்டர் இருக்கும், இந்தக் கம்பெனிகளின் போர்டுகள் பலவற்றில் தங்களுக்கென்று ஆறு பின், எட்டு பின், பத்து பின் என்று வேறு வகை வைத்திருப்பார்கள். போர்டின் வடிவமும் அவர்களுடையதே, இன்னொரு கேபினட்டில் உட்காராது. ஆக வாரண்டி முடிந்த பிறகு போர்டு போனால், அதே மாடல் போர்டைத் தேடி அலைய வேண்டும். இதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகமில்லை, வாராவாரம் பார்ப்பது இது. ஹெச்பி விக்டஸ், லெனோவோ எல்ஓகியூ மாதிரி கேமிங் டவர்களும் அதே கம்பெனிகளிடம் உண்டு, அவற்றில் கார்டும் அதற்கேற்ற எஸ்எம்பிஎஸ்ஸும் இருக்கும். ஆனால் அந்த வரிசை உங்கள் எழுபதாயிரத்துக்குள் அடங்குவது கஷ்டம்.

"பிராண்டட் அதிக நாள் உழைக்கும்" என்பதைப் பற்றி என் கருத்தைக் கேட்டால், நான் உறுதி தரமாட்டேன். என் மேஜைக்கு வருவதெல்லாம் கெட்டுப்போனவை மட்டும்தான். கெடாமல் பத்து வருடம் ஓடுகிற அசெம்பிள் மெஷின் என்னிடம் வராது, பிராண்டட் மெஷினும் வராது. அதனால் சர்வீஸ்காரன் பேச்சை வைத்து எது அதிகம் உழைக்கும் என்று முடிவு செய்வதே தப்பு. நிச்சயமாகச் சொல்லக்கூடியது இதுதான்: உள்ளே இருக்கிற பிராசஸர் இரண்டிலும் ஒரே இன்டெல்தான், ஒரே ஏஎம்டிதான். ராம் சிப் செய்கிறவர்களும் இரண்டுக்கும் அதே சாம்சங், ஹைனிக்ஸ், மைக்ரான். வித்தியாசம் வருவது எஸ்எம்பிஎஸ்ஸிலும், போர்டிலும், மாட்டின கையிலும். அப்புறம் ஒரு சின்ன வேடிக்கை: இன்று பிராண்டட் என்றால் முதலில் நினைவுக்கு வரும் டெல் கம்பெனியே 1984-ல் டெக்சாஸ் பல்கலைக்கழக விடுதி அறையில் ஒரு மாணவர் கம்ப்யூட்டர்களைப் பிரித்து மேம்படுத்தி விற்றதில் ஆரம்பித்ததுதான். உங்கள் பையனிடம் சொல்லாதீர்கள், பேச்சை விடமாட்டான்.

இனி கடை அசெம்பிள். எல்லாக் கடையும் ஏமாற்றுகிறது என்று சொல்லமாட்டேன், நானே அந்தப் பெஞ்சில் இருந்தவன். ஆனால் ஏமாறுகிற இடங்கள் எவை என்று தெரிந்துகொண்டு போக வேண்டும். முதலில் "ஐ7 பிராசஸர், 16 ஜிபி ராம், 4 ஜிபி கிராபிக்ஸ், கேமிங் பிசி" என்று பதினெட்டாயிரம், இருபதாயிரத்துக்கு வரும் விளம்பரம். ஐ7 என்பது ஒரு வரிசையின் பெயர், வயதை அது சொல்லாது. அந்த விலைக்கு வருவது பெரும்பாலும் 2011-ல் வந்த இரண்டாம் தலைமுறை ஐ7, அல்லது அதற்கு அடுத்த ஓரிரு தலைமுறை. அலுவலகங்களிலிருந்து கழித்துப் போட்ட பிராசஸரைப் புதிதாகத் தயாரித்த மலிவு போர்டில் மாட்டி, கலர் லைட் வைத்த கேபினட்டில் போட்டு விற்கிறார்கள். விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் குறைந்தது எட்டாம் தலைமுறை வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. செகண்ட்ஹேண்ட் ஆப்டிபிளெக்ஸ் வாங்கலாமா என்று யாராவது யோசனை சொன்னாலும் இதே அளவுகோல்தான்.

"4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு" என்பதும் அப்படித்தான். கார்டின் நினைவக அளவு அதன் வேகத்தைச் சொல்லாது. 2014-ல் வந்த ஜிடி 730-ல்கூட 4 ஜிபி போட்டு விற்கிறார்கள். கார்டின் முழுப் பெயரையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். ஆர்டிஎக்ஸ் 3050 என்ற ஒரே பெயரில் 8 ஜிபி, 6 ஜிபி என்று இரண்டு கார்டுகள் சந்தையில் இருக்கின்றன. 2024-ல் வந்த 6 ஜிபி கார்டு வெறும் நினைவகம் குறைந்தது மட்டுமில்லை, உள்ளே கணக்குப் போடும் கோர்களும் குறைவு. அதேபோல இன்டெல் பிராசஸர் பெயரின் கடைசியில் எஃப் என்ற எழுத்து இருந்தால் அதற்குள் கிராபிக்ஸ் கிடையாது. கார்டு பழுதாகி வாரண்டிக்குப் போனால், அது திரும்பி வரும்வரை மானிட்டரில் எதுவும் தெரியாது. விலை குறைவு என்பதால் தெரிந்தே வாங்கலாம், தெரியாமல் வாங்கக் கூடாது.

நான் அதிகம் சண்டை போடும் இடம் எஸ்எம்பிஎஸ். மலிவு கேபினட்டோடு சேர்ந்தே ஒரு எஸ்எம்பிஎஸ் வரும், மேலே பெரிதாக 450 வாட் என்று ஸ்டிக்கர் இருக்கும். அதைப் பார்க்காதீர்கள். பக்கவாட்டில் ஒரு அட்டவணை ஒட்டியிருக்கும், அதில் 12 வோல்ட்டுக்கு எதிரே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் எடுத்துக்கொள்வது அந்த 12 வோல்ட்டிலிருந்துதான். 16 ஆம்பியர் என்று இருந்தால் பெருக்கிப் பாருங்கள், 192 வாட். அவ்வளவுதான் உங்கள் 450 வாட். நல்ல கம்பெனி 550 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் 12 வோல்ட்டுக்கு மட்டும் நாற்பது ஆம்பியருக்கு மேல் போட்டிருப்பார்கள். 80 பிளஸ் முத்திரை இருந்தால் போதும் என்றும் கடையில் சொல்வார்கள். அது எவ்வளவு மின்சாரத்தை வீணாக்காமல் பயன்படுத்துகிறது என்பதற்கான முத்திரை, சோதனையும் ஏறக்குறைய 23 டிகிரி வெப்பத்தில் நடப்பது. மே மாதம் உங்கள் ஊர் மாடி அறையில் அது எப்படி நடந்துகொள்ளும், வோல்டேஜ் எகிறினால் தன்னை அணைத்துக்கொள்ளுமா என்பதை அந்த முத்திரை சொல்லாது. முத்திரை இருக்கட்டும், கூடவே வாரண்டி வருடத்தையும் பாருங்கள். ஐந்து வருடம் கொடுக்கத் துணிகிற எஸ்எம்பிஎஸ்ஸை நான் நம்புவேன். மலிவானது போகும்போது தனியாகப் போகாது, போர்டையும் கூட்டிக்கொண்டு போகும்.

அடுத்து, பிராசஸர் டப்பாவோடு வருகிறதா, டிரேயா என்று கேளுங்கள். டப்பாவோடு வருவதற்கு இன்டெல், ஏஎம்டி இரண்டுமே பொதுவாக மூன்று வருடம் நேரடியாக வாரண்டி தருகின்றன. டிரே பிராசஸர் என்பது கம்ப்யூட்டர் தயாரிப்பாளர்களுக்கென்று மொத்தமாகப் போவது. அதற்கு விற்றவர்தான் பொறுப்பு. கடை இருக்கும்வரை வாரண்டி, அவ்வளவுதான். விண்டோஸைப் பொறுத்தவரை, "நாங்களே போட்டுத் தந்துடுவோம்" என்றால் அது பெரும்பாலும் கிராக் செய்த திருட்டு நகல், அல்லது சந்தேகத்துக்குரிய ஐநூறு ரூபாய் லைசென்ஸ் கீ. கிராக் மென்பொருளோடு என்னென்ன உள்ளே வருகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. காசு இல்லாவிட்டால் விண்டோஸுக்குப் பதிலாக உபுண்டு என்ற இலவச லினக்ஸைப் போடச் சொல்லுங்கள். கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிற பையன் லினக்ஸ் பழகினால் லாபம்தான், பிளெண்டரும் அதில் நன்றாகவே ஓடும். அவன் ஆடுகிற கேம்கள் எல்லாம் ஓடுமா என்பது தனிக் கேள்வி, சில ஆன்லைன் கேம்கள் லினக்ஸில் அனுமதிக்கவே அனுமதிக்காது.

இப்போது பையனின் ஆசைக்கு வருகிறேன். அவன் மாட்ட முடியுமா? முடியும். பெரும்பாலான கேபிள்களும் கார்டுகளும் ஒரு பக்கமாகத்தான் உட்காரும். ஸ்க்ரூடிரைவர் பிடிக்கத் தெரிந்த, அவசரப்படாத யாரும் ஒரு நாளில் மாட்டிவிடலாம். பயப்பட வேண்டிய இடங்கள் சில உண்டு. பிராசஸர் சாக்கெட்டில் இருக்கும் மயிரிழை போன்ற பின்கள் வளைந்தால் அது வாரண்டியில் வராது. மாடுலர், அதாவது கேபிளைக் கழற்றி மாட்டும் எஸ்எம்பிஎஸ் என்றால் அதன் கேபிள்களை வேறு கம்பெனி எஸ்எம்பிஎஸ்ஸில் குத்தக் கூடாது. முனை ஒன்றுபோல் இருக்கும், உள்ளே வோல்டேஜ் மாறியிருக்கும், ஹார்ட் டிஸ்க் அங்கேயே தீர்ந்துவிடும். ராம் இரண்டு என்றால், நான்கு ஸ்லாட் உள்ள பெரும்பாலான போர்டுகளில் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் போட வேண்டும். டிடிஆர்5 என்ற புது வகை ராம் போட்ட மெஷின் முதல் தடவை ஆன் செய்யும்போது சில நிமிடம் திரை கறுப்பாகவே இருக்கும், ராமை அது சரிபார்த்துக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் பதறி ஸ்விட்சை அணைத்து அணைத்துப் போடுகிறவர்கள் நிறைய.

ஆனால் வீடியோக்கள் சொல்லாத ஒன்று இருக்கிறது. எல்லாம் சரியாக மாட்டியும் ஆன் ஆகவில்லை என்றால்? எங்கள் கடையில் என்ன செய்வோம்? ஸ்டாக்கிலிருந்து இன்னொரு ராமை எடுத்துப் போடுவோம். வரவில்லையா, இன்னொரு எஸ்எம்பிஎஸ். அதிலும் வரவில்லையா, இன்னொரு போர்டு. கால் மணி நேரத்தில் எது கெட்டது என்று தெரிந்துவிடும். இதில் திறமை கொஞ்சம்தான், கையில் மாற்றுப் பார்ட்ஸ் இருப்பதுதான் விஷயம். வீட்டில் உங்கள் பையனிடம் ஒரே ஒரு ராம், ஒரே ஒரு போர்டு. ஒவ்வொன்றையும் ஒவ்வொரு ஆன்லைன் கடையில் மலிவு பார்த்து வாங்கியிருந்தால், ராம்காரர் போர்டைச் சொல்வார், போர்டுகாரர் எஸ்எம்பிஎஸ்ஸைச் சொல்வார். திருப்பி அனுப்பும் கெடு அதற்குள் முடிந்துவிடும். அதன் பிறகு ஒவ்வொரு பார்ட்டுக்கும் ஒரு சர்வீஸ் சென்டர், ஒரு கூரியர். தனித்தனி வாரண்டி காகிதத்தில் பார்த்தால் பிராண்டடைவிட நீளம்: பிராசஸருக்கு மூன்று வருடம், போர்டுக்குப் பெரும்பாலும் மூன்று, எஸ்எஸ்டிக்கு (ஃபைல்களைச் சேமிக்கும் டிஸ்க்) மூன்று முதல் ஐந்து, ராமுக்கு அதைவிட அதிகம். ஆனால் எந்த வாரண்டியைக் கூப்பிட வேண்டும் என்று கண்டுபிடிப்பது உங்கள் தலையில்.

பராமரிப்பும் அப்படியே. 2024-ல் இன்டெல்லின் 13, 14-ம் தலைமுறை பிராசஸர்களில் வேகமான மாடல்கள் சில, தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு வாங்கி நாளடைவில் நிலைகுலைந்தன. இன்டெல் அதற்கு மாற்று மைக்ரோகோட் (பிராசஸருக்குள் ஓடும் சிறு மென்பொருள்) கொடுத்தது, வாரண்டியையும் இரண்டு வருடம் நீட்டியது. ஆனால் அந்த மைக்ரோகோட் வந்தது மதர்போர்டின் பயாஸ் (மெஷினைத் தொடக்கி வைக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் வழியாக. பிராண்டடில் அதைக் கம்பெனியே தன் அப்டேட் மென்பொருள் வழியாக அனுப்பும். அசெம்பிளில் போர்டு கம்பெனியின் பக்கத்துக்குப் போய் நீங்களேதான் இறக்கிப் போட வேண்டும். கடையில் வாங்கிக்கொண்டு போனவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

விலைக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அசெம்பிள் எப்போதுமே மலிவு என்பது காலத்தைப் பொறுத்தது. 2020-21-ல் கிரிப்டோ மைனிங்கும் கொரோனா காலத் தட்டுப்பாடும் சேர்ந்து கிராபிக்ஸ் கார்டு விலை எங்கேயோ போனபோது, கார்டு தனியாக வாங்குவதைவிடக் கார்டோடு சேர்ந்த பிராண்டட் பெட்டி வாங்குவது சில சமயம் லாபமாக இருந்தது. இப்போது அந்த இடத்தில் ராம் நிற்கிறது. 2025 கடைசியிலிருந்து ஏஐ சர்வர்களுக்காக நினைவகத் தயாரிப்பாளர்கள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டதால் ராம் விலை கடுமையாக ஏறியது. மைக்ரான் கம்பெனி, நாமெல்லாம் வாங்குகிற க்ரூஷியல் பிராண்டு ராம், எஸ்எஸ்டி சில்லறை வியாபாரத்தையே நிறுத்தப்போவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. எஸ்எஸ்டி விலையும் கூடவே ஏறிற்று. இந்த நிலைமை எத்தனை மாதம் நீடிக்கும் என்று ஜோசியம் சொல்ல நான் தயாராக இல்லை. அதனால் பழைய வீடியோவில் காட்டும் "எழுபதாயிரத்தில் கேமிங் பிசி" பட்டியலை நம்பிப் போகாதீர்கள். போகிற வாரத்தில் கொட்டேஷன் வாங்கிப் பாருங்கள், பக்கத்தில் பிராண்டட் விலையையும் விண்டோஸ் விலையையும் சேர்த்து வைத்து ஒப்பிடுங்கள்.

மூன்று வழிக்கும் பொதுவான ஒன்று, யாரும் கேட்காதது: வீட்டு மின்சாரம். கேபினட்டைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கிறது என்று வருகிறவர்களுக்கெல்லாம் நான் சொல்வது, கம்ப்யூட்டரில் கோளாறில்லை, உங்கள் பிளக் பாயின்ட்டில் எர்த் இல்லை என்பதுதான். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் ஃபில்டர் எர்த்தை எதிர்பார்த்துச் செய்யப்பட்டது. எர்த் இல்லாதபோது கேபினட்டில் 230 வோல்ட்டில் பாதியளவு மிதக்கும். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் பொதுவாக ஆளை ஒன்றும் செய்யாது, ஆனால் எர்த் இல்லாத வீட்டில் நிஜமாகவே ஏதாவது ஷார்ட் ஆனால் காப்பாற்றவும் ஒன்றுமில்லை. பழைய வீடு என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் பார்த்துவிட்டு மெஷினை வாங்குங்கள். அடுத்தது யுபிஎஸ். வழக்கமாக விற்கும் 600 விஏ யுபிஎஸ் ஏறக்குறைய 360 வாட் வரைதான் தாங்கும். கார்டு போட்ட மெஷினும் மானிட்டரும் முழுவீச்சில் ஓடினால் அதன் விளிம்புக்குப் போய்விடும், 1000 விஏ நல்லது. மலிவு யுபிஎஸ்கள் தருவது சுத்தமான சைன் வேவ் (வீட்டு மின்சாரம் போன்ற சீரான அலை) இல்லை. இப்போதைய நல்ல எஸ்எம்பிஎஸ்களில் சில அதோடு ஒத்துப்போகும், சில கரண்ட் போன அந்த நொடியில் அணைந்துவிடும். எது எதோடு சேரும் என்று பெயரைப் பார்த்து என்னால் சொல்ல முடியாது, வாங்கிய இடத்தில் பிளக்கைப் பிடுங்கிக் காட்டச் சொல்வதுதான் வழி. இடி மின்னலுக்குப் பவர் பிளக்கோடு பிராட்பேண்ட் கேபிளையும் கழற்றிவிடுங்கள். மின்னலில் கருகிய போர்டை எந்தக் கம்பெனியும் வாரண்டியில் எடுக்காது.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் என்ன செய்வேன் என்று கேட்டால், வெறும் கோடிங்கும் படிப்பும் மட்டும் என்றிருந்தால் மூன்று வருட ஆன்சைட் உள்ள அலுவலக டவரை வாங்கிவிட்டு நிம்மதியாக இருப்பேன். பிளெண்டர் இருப்பதால், பார்ட்ஸ் எல்லாவற்றையும் தஞ்சாவூரிலோ திருச்சியிலோ சொந்தமாக சர்வீஸ் பார்க்கும் ஒரே கடையில் வாங்குவேன். பையனை ஆன்லைனில் பார்த்துப் பட்டியல் போடச் சொல்லுங்கள். ஆறு கோர் பிராசஸர், 8 ஜிபி ராம் இரண்டு, என்விஎம்இ என்ற வேகமான வகை எஸ்எஸ்டி, 8 ஜிபி என்விடியா கார்டு, 550 வாட் நல்ல எஸ்எம்பிஎஸ், இதுதான் சட்டகம். என்விடியா என்று சொல்வது பிளெண்டருக்காக. அதன் ரெண்டரிங்கில், அதாவது காட்சியைக் கணக்கிட்டுப் படமாக்கும் வேலையில், ஏஎம்டி, இன்டெல் கார்டுகளும் ஓடும், என்றாலும் என்விடியாவின் ஆப்டிஎக்ஸ் என்ற முறை இன்னும் முந்தி நிற்கிறது. ஏஎம்டி பிராசஸர் என்றால் ஏஎம்4 என்ற பழைய சாக்கெட் வகை போர்டு மலிவு, ஆனால் அந்த வரிசை முடிந்த கதை. அதற்கு அடுத்த ஏஎம்5 போர்டும் டிடிஆர்5 ராமும் விலை கூடுதல், 2027 வரைக்குமாவது அதே சாக்கெட்டில் புதுப் பிராசஸர்களுக்கு இடம் இருக்கும் என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. எழுபதாயிரத்தில் முட்டினால் கேபினட்டில் மிச்சம் பிடியுங்கள், கார்டில் ஒரு படி இறங்குங்கள், எஸ்எம்பிஎஸ்ஸில் இறங்காதீர்கள்.

கடைக்காரரிடம் ஒரு வேண்டுகோள் வையுங்கள். பிராசஸர், கூலர், ராம் மூன்றையும் போர்டில் அவரே மாட்டி, கேபினட்டுக்கு வெளியே வைத்து ஒருமுறை ஆன் செய்து காட்டட்டும். வளைகிற பின் பயமும் கெட்ட பார்ட் பயமும் அங்கேயே தீர்ந்துவிடும். மிச்சமுள்ள கேபினட், கேபிள், எஸ்எஸ்டி, கார்டு, விண்டோஸ் எல்லாவற்றையும் பையன் வீட்டில் மாட்டட்டும். பெரும்பாலான கடைகள் இதற்கு ஒத்துக்கொள்வார்கள், கொஞ்சம் கூலி கேட்டால் கொடுத்துவிடுங்கள். முடியாது என்றால் கடையிலேயே முழுவதும் மாட்டும்போது அவன் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். அதற்கும் மாட்டேன் என்கிற கடை வேண்டாம்.

பில்லில் "அசெம்பிள்டு கம்ப்யூட்டர், ஒன்று" என்று ஒரே வரியில் எழுத விடாதீர்கள். ஒவ்வொரு பார்ட்டின் முழு மாடல் பெயரும் சீரியல் நம்பரும் வேண்டும், கடையின் ஜிஎஸ்டி எண்ணோடு. பார்ட்ஸாக வாங்கினாலும் முழுப் பெட்டியாக வாங்கினாலும் ஜிஎஸ்டி 18 சதவீதம்தான், "பில் இல்லாம வாங்கினா குறைச்சுத் தரேன்" என்பதற்கு மயங்கினால் வாரண்டி போச்சு. டப்பாக்களை மூன்று வருடம் பரணில் வைத்திருங்கள், சில சர்வீஸ் சென்டர்கள் கேட்கும். கடை கைவிரித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் வரையுள்ள வழக்குக்குக் கட்டணம் கிடையாது, பிரச்சினை எழுந்த இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். பையன் பட்டியல் போட்டதும், கடையில் கொட்டேஷன் வாங்கியதும், பணம் கட்டும் முன் இரண்டையும் இங்கே போடுங்கள் டீச்சர், எஸ்எம்பிஎஸ் பெயரை முதலில் பார்த்துச் சொல்கிறேன்.